சுங்கை செராய்க்கு ஒரு வாரப் பத்தியம்

சிம்பாங் அம்பாட்டிலிருந்து உள்ளே போகும் சாலையில், செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு சிறிய தாமான், அதாவது குடியிருப்பு, இருக்கிறது. பழைய தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். ஒரு மூலையில் மாரியம்மன் கோயில், எதிர் மூலையில் சின்னப்பர் சிற்றாலயம். வீடுகளுக்குப் பின்னால் சுங்கை செராய் ஓடுகிறது. சுங்கை என்றால் மலாயில் ஆறு; பெயரில்தான் அது ஆறு. நல்ல மழைக்காலத்தில்கூட இடுப்புக்கு மேல் தண்ணீர் வராது.

அந்தத் தாமானின் பொது மண்டபத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை கேத்லீன் என்ற பெண் வந்து, ஆற்றுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாள்.

கேத்லீன் பாச்சாங்கில் இருப்பவள். ஆறுகளைக் கவனிக்கும் ஓர் அமைப்பில் வேலை. ஆற்றின் நலத்தை அங்கே வாழும் மக்களையே சேர்த்துக்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்பது அவள் அலுவலகத்தின் திட்டம். இதற்கு முன் போன இரண்டு ஊர்களில் மண்டபத்தைத் திறந்துவிட்டவரைத் தவிர வேறு யாரும் வரவில்லை. "ஆற்றைக் குடும்பத்தில் ஒருவராக அறிமுகப்படுத்து, மக்கள் தானாக வருவார்கள்" என்று மேலதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே அவள் ஒரு பெரிய படம் வரைந்து கொண்டுவந்திருந்தாள். சுங்கை செராய் கட்டிலில் படுத்திருக்கிறது. கழுத்துவரை போர்வை. வாயில் காய்ச்சல் பார்க்கும் கருவி.

மண்டபம் நிறைந்திருந்தது. சாப்பிட மீகூன் உண்டு என்று அறிவித்திருந்ததும் ஒரு காரணம். ஆனால் படத்தைப் பார்த்த பிறகு மீகூன் தட்டைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை.

"பாவம்லா," என்றார் மாரியம்மா. அம்மன் கோயிலில் பூக்கட்டிக் கொடுப்பவர், அறுபதைத் தாண்டியவர். "பின்னாலயே படுத்துக் கெடந்திருக்கு. ஒரு நாள் போயி என்னன்னு கேக்கலியே நம்ம."

சின்னப்பன் எழுந்து நின்றார். குடியிருப்பாளர் சங்கத் தலைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிற்றாலயத்தில் வேதாகமம் வாசிப்பவர் என்பதால், மண்டபத்திலும் அதே குரலில்தான் பேசுவார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"பல வருஷமா அங்கிள்," என்றாள் கேத்லீன்.

"ஆம்பளையா, பொம்பளையா?"

கேத்லீன் இதை எதிர்பார்க்கவில்லை. "ஆறு, அங்கிள்."

"அது தெரியும் பாப்பா. கிளினிக் கார்டுல என்ன போடுவீங்க?"

மாரியம்மா பெண் என்றார். சின்னப்பன், சத்தமில்லாமல் கஷ்டப்படுவதைப் பார்த்தால் ஆண் மாதிரி இருக்கிறது என்றார். இதன்மேல் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் கேத்லீன் தன் தாளில் இரண்டையும் எழுதாமல் ஒரு கோடு போட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள்.

அடுத்த சனிக்கிழமை மாவட்ட அதிகாரி ஒருவரோடு வருவேன் என்றாள். தண்ணீரைக் குழாயில் எடுத்து, மாத்திரை போட்டு, நிறம் பார்ப்பார்கள். வலை போட்டுப் பூச்சி புழுக்களைப் பார்ப்பார்கள். முடிவு மூன்று நிறத்தில் வரும். பச்சை என்றால் ஆறு நலம். அடுத்த வருடம்வரை யாரும் வரமாட்டார்கள். மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும். சிவப்பு என்றால் சிகிச்சை. ஆற்றின் மேல்பக்கம் கழிவு விடுகிறவர்களைப் பிடித்துக் கேட்பார்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பியிருப்பவர்களுக்குக் குழாய் இழுத்துக் கொடுப்பார்கள்.

பின்வரிசையிலிருந்து மணியம் கையைத் தூக்கினார். முன்பு லாரி ஓட்டியவர். இப்போது ஆற்றோரத்தில் கொட்டகை போட்டு மாடு வளர்க்கிறார்.

"அப்ப செவப்பு வந்தாதான் நல்லதா பாப்பா?"

"ஆமா அங்கிள். செவப்பு வந்தாதான் மருந்து கெடைக்கும்."

மணியம் மெல்லத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அவருடைய மாடு சிவகாமி நிறைமாதம். போன முறை அது ஈன்ற கன்று மூச்சில்லாமல் விழுந்தது. அரசாங்க மாட்டு டாக்டர் வந்து பார்த்து, தீவனத்தில் குறையில்லை, தண்ணீரில்தான் குறை என்று சொல்லிப் போனார். கொட்டகைக்குக் குழாய் கிடையாது. வீட்டிலிருந்து தூக்கிப் போகலாம் என்றால் மணியத்தின் முதுகு இரண்டு வாளிக்கு மேல் சம்மதிக்காது. மாடோ ஒரு மூச்சில் இரண்டு வாளியைக் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும். இந்த முறையும் கன்று போய்விடக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு வேண்டுதல் இல்லை. சிவப்பு வர வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் மற்றவர்கள் யாரும் சிவப்பைக் கேட்கவில்லை. அவர்கள் காதில் விழுந்தது ஒன்றுதான்: அடுத்த சனிக்கிழமை அப்பாயின்மென்ட்.

இந்த இடத்தில் அந்தத் தாமான் மக்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அங்கே பாதிப்பேருக்குச் சர்க்கரை. குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை அரசாங்க கிளினிக்கில் ரத்தம் எடுப்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பாகவே தெருவில் பாகற்காய் வாசம் வரத் தொடங்கிவிடும். தே தாரிக் என்ற பால் தேநீர் நின்றுவிடும். சின்னப்பன் காலையிலும் மாலையிலும் மைதானத்தைச் சுற்றி நடப்பார். மாரியம்மா கோயில் பொங்கலைக்கூட நெற்றியில் ஒற்றிக்கொண்டு வைத்துவிடுவார். ரத்தம் நன்றாக வரும். டாக்டரம்மா மகிழ்ந்துபோய், "பாகுஸ் அங்கிள்" என்று பாராட்டுவார். கிளினிக் வாசலைத் தாண்டியதும் எல்லோரும் நேராக எதிர்க்கடைக்குப் போய், ரொட்டி சானாயில் சீனியைத் தூவிச் சாப்பிடுவார்கள். யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில்லை. அந்தச் சின்னப் பெண் அவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொள்கிறதே, அதன் மனம் நோகலாமா என்றுதான் நினைத்தார்கள். இந்த உலகத்தில் நடக்கும் தவறுகளில் பாதி இப்படி நல்ல மனத்திலிருந்து வருகிறவை. அவற்றைக் கோபித்துக்கொள்ளவும் முடிவதில்லை.

அன்று மாலையே சின்னப்பன் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள்.

"இன்னிலேருந்து பத்தியம்," என்றார் சின்னப்பன். "சட்டி கழுவுன தண்ணி, துணி தொவைச்ச தண்ணி, எதுவும் ஆத்துக்குப் போற லோங்காங்குல விடக் கூடாது. வாளியில புடிச்சு வைங்க. சனிக்கெழம டெஸ்ட் முடியட்டும், அப்புறம் ஊத்திக்கலாம்."

"எண்ணெய்?" என்று கேட்டார் மாரியம்மா.

"எண்ணெய் சுத்தமா ஆகாது. நமக்கே ஆகாது."

"பூமாலை போடுறது?"

"ஒரு வாரம் வேணாம் மாரியம்மா. வயித்துல தங்கிரும்."

மணியம் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "என்ன சின்னப்பண்ணே, நெஜமாத்தான் செய்யப் போறீங்களா?"

"பின்ன? நம்ம ஆறு. நாலு பேரு முன்னால பெயிலாகலாமா?"

"பெயிலாகணும்ணே. பெயிலானாத்தான் அவங்க மேல போயி அந்தக் கோழிப் பண்ணைக் கழிவுக் குளத்தப் பாப்பாங்க. எனக்குக் குழாய் வரும். பாப்பா தெளிவா சொல்லிச்சே."

கூட்டம் அவரை விநோதமாகப் பார்த்தது. மாரியம்மாதான் வாய் திறந்தார்.

"ஏன் மணியம், உன் வீட்டு ஆளு ஆஸ்பத்திரிக்குப் போனா இப்படித்தான் வேண்டிக்குவியா? ரிப்போர்ட்டு மோசமா வரணும்னு?"

"நோய் இருந்தா ரிப்போர்ட்டுல வரணும்லக்கா."

"நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. நோயாளிக்குக் கேட்றப் போவுது."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆறு கூப்பிடு தூரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதன்பின் அந்த ஒரு வாரம் தாமானில் நடந்ததை வெளியாள் பார்த்தால் நம்பமாட்டான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அழுக்குத் தண்ணீர் வாளிகள் வரிசையாக நின்றன. வாளி போதாதவர்கள் குளிக்கிற தொட்டியில் நிரப்பி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் குளித்தார்கள். சாலையோரத்தில் கார் கழுவும் திலீப் கடையை மூடிவிட்டு, கரையில் உட்கார்ந்து ஆற்றுக்கு விசிறாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கரையோரப் புதரில் சிக்கிய பிளாஸ்டிக் பைகளைப் பெண்கள் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். தலை சீவிவிடுகிற மாதிரி புல்லையும் ஒரு பக்கமாகப் படிய வைத்தார்கள். டாக்டர் பார்க்கும்முன் நோயாளியைக் குளிப்பாட்ட வேண்டுமே என்று ஒருவர் சொல்ல, ஆற்றுக்குள் இறங்கித் தேங்காய் நாரால் கற்களைத் தேய்த்தார்கள். கற்களுக்கு அடியில் இருந்த புழு, அட்டை, நத்தை எல்லாவற்றையும் பேன் எடுப்பதுபோல எடுத்து, செம்பனைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மணியத்தின் கொட்டகைக்குப் பின்னால் இருந்த கற்களை மட்டும் தேய்க்கவில்லை. அவர் அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை.

வியாழக்கிழமை சின்னப்பன் சட்டையை மடித்துச் செருகிக்கொண்டு, ஆற்றின் மேல்பக்கம் இருந்த கோழிப் பண்ணைக்குப் போனார். பண்ணை முதலாளியான தௌக்கேக்குத் தமிழ் தெரியாது. சின்னப்பன் மலாயில் விஷயத்தைச் சொன்னார். எங்கள் சுங்கைக்கு உடம்பு சரியில்லை, சனிக்கிழமை டாக்டர் வருகிறார், அதுவரை கழிவு விடாமல் இருக்க வேண்டும்.

தௌக்கே அப்போதுதான் தன் தாயை டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பியிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சாகிட் தெருக் கா?" என்று கேட்டார். நோய் கடுமையா என்று.

"கடுமைதான்," என்றார் சின்னப்பன்.

தௌக்கே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒரு வேலைக்காரரைக் கூப்பிட்டு, கழிவுக் குளத்தின் மடையை மூடச் சொன்னார். வழக்கமாக இரண்டு நாளில் அது நிரம்பி வழிந்துவிடும். சனிக்கிழமைவரை தாங்குவதற்காக மண் மூட்டைகளை அடுக்கினார்கள். புறப்படும்போது தௌக்கே ஒரு தட்டு முட்டையைச் சின்னப்பன் கையில் கொடுத்தார். சுங்கை முட்டை சாப்பிடாது என்று சொல்லச் சின்னப்பனுக்கு மனம் வரவில்லை. வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் சுங்கை செராய் தெளிந்துவிட்டது. அடிமணல் தெரிந்தது. மணியம் அதைப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினார். சிவகாமி கழுத்தை நீட்டி அவர் கையை நக்கியது. அதன் வயிற்றுக்குள் கன்று புரண்டது தோலுக்கு மேலே தெரிந்தது.

மணியம் நல்லவர். நல்லவர்களுக்கும் ஒரு மாலை வந்துவிடும். அவர் ஒரு வாளி நிறையச் சாணியை அள்ளிக்கொண்டு ஆற்றை நோக்கி நடந்தார். ஒரு வாளி கொட்டினால் போதும். காலையில் மாத்திரை போட்டதும் நிறம் மாறிவிடும்.

கரையில் மாரியம்மா நின்றிருந்தார். இருட்டுவதற்குள் நோயாளியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். மணியத்தையும் வாளியையும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"எனக்குத் தெரியும் மணியம். உனக்கு மனசு கேக்காதுன்னு. வாசல் தெளிக்கத்தான கொண்டாந்த? நாளைக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்க, கரையெல்லாம் மண்ணா கெடக்கேன்னு நானே நெனச்சேன்."

வாளியை அவர் கையிலிருந்து வாங்கி, நீர் கலந்து, கரைமேட்டில் தெளித்து மெழுகத் தொடங்கினார். மணியம் வெறுங்கையோடு நின்றார். "நல்லா தெளிங்கக்கா," என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை காலை கேத்லீன் மாவட்ட அதிகாரியோடு வந்து இறங்கியபோது, கரைமேடு சாணியால் மெழுகி, அதன்மேல் கோலம் போட்டிருந்தது. தாமானே திரண்டு நின்றது. சின்னப்பன் கையில் ஜெபமாலை இருந்தது. மாரியம்மா மஞ்சள் துணியில் ஏதோ முடிந்து இடுப்பில் செருகியிருந்தார். யாரும் சத்தமாகப் பேசவில்லை.

முதல் மாத்திரை கரைந்தது. நிறம் மாறவில்லை.

"என்ன பாப்பா சொல்லுது?" என்று கிசுகிசுத்தார் சின்னப்பன்.

"நெறம் மாறலன்னா பச்சை அங்கிள்."

இரண்டாவதும் பச்சை. மூன்றாவதும் பச்சை. தெளிவு பார்க்கும் நீளக் குழாயில் தண்ணீரை ஊற்றியபோது அடிப்பக்கத்துக் கோடு துலக்கமாகத் தெரிந்தது. கேத்லீனுக்குக் குழப்பமாக இருந்தது. போன மாதம் அவளே எடுத்துப் போன தண்ணீர் சோறு வடித்த கஞ்சி நிறத்தில் இருந்தது. வலையைப் போட்டுக் கற்களுக்கடியில் துழாவினாள். வலையில் ஒன்றும் வரவில்லை. ஒரு புழுகூட இல்லை.

"ஒண்ணுமே இல்லியே," என்றாள்.

"இருக்காது," என்றார் மாரியம்மா பெருமையாக. "நல்லா தேய்ச்சுக் குளிப்பாட்டியிருக்கோம்."

கேத்லீன் அதிகாரியிடம், பூச்சிகளே இல்லாதது நல்ல அடையாளம் அல்ல, இன்னொரு இடத்தில் பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவருக்கு டுரியான் துங்கால் பக்கம் இன்னொரு ஆறு காத்திருந்தது. நிறங்கள் எல்லாம் பச்சையாக இருக்கும்போது பூச்சிக்காக நிற்க முடியாது என்றார். திங்கட்கிழமை காலை முடிவைப் பதிவு செய்துவிடலாம் என்று சொல்லி, எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

தாமான் மக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிலருக்குக் கண் கலங்கியது. சின்னப்பன் கரையில் குனிந்து, தண்ணீரை மெல்லத் தட்டிக்கொடுத்தார். மணியம் கூட்டத்தைவிட்டு விலகி நடந்தார்.

"மணியம், சாப்பிட வாயேன்," என்று கூப்பிட்டார் சின்னப்பன். "எல்லாரும் ரொட்டி சானாய் சாப்பிடப் போறோம்."

"நீங்க போங்கண்ணே," என்றார் மணியம் திரும்பாமல்.

டெஸ்ட் முடிந்தால் பத்தியமும் முடிந்தது. மத்தியானத்துக்குள் ஒவ்வொரு வீட்டு வாளியும் லோங்காங்கில் கவிழ்ந்தது. குளியல் தொட்டிகள் திறந்துகொண்டன. திலீப் கடையைத் திறந்ததும் ஒரு வாரமாகக் காத்திருந்த கார்கள் வரிசையில் நின்றன. மேலே தௌக்கேயும் நல்ல சேதியைக் கேட்டு மகிழ்ந்து, மண் மூட்டைகளை எடுக்கச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் சேர்ந்ததெல்லாம் ஒரே மாலையில் சுங்கை செராயில் இறங்கியது.

மணியம் அன்று மாலை சீக்கிரம் படுத்துவிட்டார். சிவகாமி தானாகக் கரைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சிற்றாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்த சின்னப்பனை ஒரு வாடை நிறுத்தியது. வீட்டுக்குப் போகாமல் ஆற்றுக்குப் போனார். தண்ணீர் கறுத்து, நுரை கட்டி, சின்னச் சின்ன மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கோலத்தின் ஒரு ஓரம் கரைந்து அதில் கலந்திருந்தது.

மணியத்தின் கொட்டகையிலிருந்து குரல் கேட்டது. உள்ளே போனார். சிவகாமி படுத்துக் கிடந்தது. வாயில் நுரை. மணியம் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டருக்குப் போன் போட்டேன்ணே. வந்துகிட்டு இருக்காரு."

 சின்னப்பன் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு மண்டியிட்டு, மாட்டின் வயிற்றில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே லேசாக ஓர் அசைவு.

"இருக்கு," என்றார்.

"இருக்குண்ணே. எவ்வளவு நேரம்னுதான் தெரியல."

சின்னப்பன் எழுந்து வீட்டுக்கு ஓடினார். வடிகட்டிய தண்ணீர்க் குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பினார். அவர் அப்படி ஓடுவதைத் தாமான் பார்த்ததில்லை. வழியில் மாரியம்மா என்னவென்று கேட்டார். அவரும் ஒரு குடத்தோடு பின்னால் வந்தார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. டாக்டர் வந்து சேரும்போது கொட்டகை வாசலில் நல்ல தண்ணீர் வாளிகள் வரிசையாக நின்றன. டாக்டர் மாட்டுக்கு மருந்து ஏற்றினார். இந்தத் தண்ணீரை மட்டும் கொடுங்கள், ஆற்றுப் பக்கம் விடாதீர்கள், பிழைக்கலாம் என்றார்.

சின்னப்பன் வெளியே வந்து கேத்லீனைக் கைப்பேசியில் அழைத்தார். அவளும் பாச்சாங்கில் அப்போதுதான் பூசை முடிந்து வெளியே வந்திருந்தாள்.

"பாப்பா, நேத்து நீங்க பாத்தது எங்க ஆறு இல்ல."

"என்ன அங்கிள் சொல்றீங்க?"

"ஒரு வாரம் பத்தியம் போட்டோம். டெஸ்ட்டுக்காக. இப்ப வந்து பாருங்க, எப்படி கெடக்குன்னு."

 கேத்லீன் கோபித்துக்கொள்வாள் என்று அவர் காத்திருந்தார். அவள் கோபிக்கவில்லை.

"அங்கிள், உங்களுக்குச் சக்கரை இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. ஏன்?"

"ஒரு வாரம் பத்தியம் இருந்தா சாதாரண டெஸ்ட்டு நல்லா வந்துரும். ஆனா இன்னொரு டெஸ்ட்டு இருக்கு இல்லியா? கடைசி மூணு மாசம் என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்றது."

சின்னப்பன் முகம் மாறியது. போன முறை டாக்டரம்மா அந்த டெஸ்ட்டை எடுத்துவிட்டார். அதன்பின் 'பாகுஸ்' சொல்லவில்லை. அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்த டெஸ்ட்டா? அது பொல்லாதது பாப்பா. அதுகிட்ட ஒண்ணும் நடக்காது."

"ஆத்துக்கும் அது இருக்கு அங்கிள். பூச்சிங்கதான். தண்ணி ஒரு நாள்ல மாறும், பூச்சி மாறாது. நல்ல தண்ணியில இருக்கிறது வேற, கெட்டதுல இருக்கிறது வேற. ஆனா நீங்கதான் எல்லாத்தையும் தேய்ச்சுட்டீங்களே."

"தேய்க்காத எடம் ஒண்ணு இருக்கு," என்றார் சின்னப்பன்.

கேத்லீன் வலையோடும் வெள்ளைத் தட்டுகளோடும் வந்து சேர்ந்தாள். மணியத்தின் கொட்டகைக்குப் பின்னால் தாமான் மறுபடியும் கூடியது. நேற்றைய கூட்டம்தான். ஆனால் இன்று யாரும் நோயாளியின் காதுக்குப் பயப்படவில்லை. நடந்ததைச் சின்னப்பனே எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். மணியத்திடம், "நீதான் சரியா வேண்டிக்கிட்ட," என்றும் சொல்லியிருந்தார். மணியம் அதற்கு, "வெள்ளிக்கெழம நானும் ஒரு வாளி சாணியோடதான்ணே வந்தேன்," என்றார். மாரியம்மா திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார்.

கேத்லீன் முதல் கல்லைப் புரட்டி, வலையைத் தட்டில் கொட்டினாள். ரத்த நிறத்தில் மெல்லிய புழுக்கள் நெளிந்தன.

"இது நல்லதா கெட்டதா?" என்று கேட்டார் மாரியம்மா.

"ரொம்பக் கெட்டது ஆன்ட்டி. மூச்சே இல்லாத தண்ணியிலதான் இது இருக்கும்."

"அப்ப நல்லது," என்றார் மாரியம்மா. "இன்னும் தேடுங்க."

எல்லோரும் இறங்கித் தேடினார்கள். அட்டை ஒன்று கிடைத்ததும் திலீப் அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான். இன்னும் புழுக்கள் வந்தன. ஒவ்வொரு புழுவுக்கும் கூட்டத்தில் மகிழ்ச்சி முணுமுணுப்பு எழுந்தது. நல்ல தண்ணீரில் வாழும் மூன்று வால் பூச்சி ஒன்றாவது கிடைக்கிறதா என்று கேத்லீன் கடைசிவரை பார்த்தாள். இல்லை. அவள் முடிவுத் தாளில் வட்டம் போட்டாள். சிவப்பு.

தோற்றதற்காக ஓர் ஊரே கைதட்டியது அந்த ஆற்றங்கரையில் அதுதான் முதல் முறையாக இருக்கும். சின்னப்பன் கைதட்டவில்லை. கொட்டகைக்குள் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். சிவகாமி தலையைத் தூக்கி ஒரு வாய் குடித்தது.

திங்கட்கிழமை காலையே கேத்லீன் அதிகாரியின் மேசையில் அந்தத் தட்டை, புழுக்களோடு, வைத்தாள். அதே வாரத்தில் அவர் இன்னும் இரண்டு பேரோடு கோழிப் பண்ணைக்குப் போனார். தாமானிலிருந்து சின்னப்பனும் மாரியம்மாவும் உடன் போனார்கள். கழிவுக் குளம் சிறியது, தன்னால் பிடித்து வைக்க முடியாது, இன்னொரு குளம் வெட்ட இடமில்லை என்றார் தௌக்கே.

அதிகாரி சனிக்கிழமை எடுத்த பச்சை முடிவுகளைக் காட்டினார். "போன வாரம் மட்டும் எப்படிப் பிடித்து வைத்தீர்கள்?"

தௌக்கே சின்னப்பனைப் பார்த்தார். "அது நோயாளிக்காக," என்றார்.

மாரியம்மாவுக்கு மலாய் அரைகுறை. இருந்தாலும் அவர்தான் பதில் சொன்னார். "நோயாளி இன்னும் அங்கதான் தௌக்கே. வீட்டுக்கு அனுப்பல."

தௌக்கே தலை குனிந்துகொண்டார். மறுநாள் பண்ணையின் பின்பக்கம் மண் தோண்டும் இயந்திரம் வந்து நின்றது. தாமானிலும் பத்தியம் திரும்ப வந்தது, இந்த முறை முடியும் தேதி இல்லாமல். வாளித் தண்ணீர் வாழைக்கும் கீரைக்கும் போனது. திலீப் கடைக்குப் பின்னால் ஒரு குழி வெட்டி, கல்லும் மணலும் போட்டான். அந்த ஒரு வாரத்தில் அவர்கள் செய்தது ஏமாற்று வேலைதான். ஆனால் ஆறு நிஜமாகவே தெளிந்ததே. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டால் எவ்வளவு ஆகும் என்பதை, கடவுள் அவர்களுடைய ஏமாற்றைக்கொண்டே அவர்களுக்குக் காட்டிவிட்டார்.

கொட்டகைக்குக் குழாய் வர நாளாகும் என்றார்கள். அதுவரை வீட்டுக்கு ஒரு வாளி என்று ஏற்பாடு. யார் எந்த நாள் என்று எழுதி வைக்கவில்லை. ஆகவே சில நாள் வாளி குறைந்தது. பல நாள் மாடு குடித்து மீந்தது.

ஒரு விடியற்காலையில் மணியம் சின்னப்பன் வீட்டுக் கதவைத் தட்டினார். மாரியம்மாவுக்கும் சத்தம் கேட்டது. மூவரும் கொட்டகைக்குப் போனபோது கன்று வைக்கோலில் கிடந்தது. நனைந்து, கறுப்பாக, அசையாமல். மணியம் குனிந்து அதன் மூக்கைத் துடைத்தார். வைக்கோல் துரும்பால் மூக்கினுள் லேசாக வருடினார். மாரியம்மா முந்தானையால் அதன் விலாவை அழுத்தித் தேய்த்தார். சின்னப்பன் உதடு அசைந்துகொண்டிருந்தது.

கன்று தும்மியது.

பின்னங்கால்களை ஊன்றிப் பார்த்தது. வழுக்கி விழுந்தது. மறுபடி ஊன்றியது. நான்கு கால்களும் நான்கு பக்கம் போக, நடுவில் அந்தச் சின்ன உடம்பு ஆடிக்கொண்டு நின்றது. சிவகாமி எழுந்து, கழுத்தை வளைத்து, அதன் முதுகை நக்கத் தொடங்கியது.

மணியம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.  கொஞ்ச நேரம் கழித்து, ஈன்ற மாட்டுக்குத் தாகம் எடுக்குமே என்ற நினைப்பு வந்து வாளியைத் தேடினார். சின்னப்பன் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.